வேட்பாளர் என்னும் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டும்

பத்து பாகாட் போன்ற ஊர்களில் சட்டமன்றத் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் தமிழர் மேடைகளில் உத்திரமேரூரின் பெயர் அடிபடக் கேட்கலாம். உலகுக்குத் தேர்தலைக் கற்பித்தவன் தமிழன் என்பர், குடவோலையே சான்று என்பர், கைதட்டலும் எழும். முன்னோர் பெருமையை எடுத்துரைத்தல் நன்றே. ஆயினும், அக்கல்வெட்டை முதலிலிருந்து முடிவுவரை படித்துவிட்டுப் பேசுவோர் மிகச் சிலரே. படித்திருந்தால் அவர்கள் பெருமைப்படும் இடம் வேறாக இருக்கும். வெட்கப்படும் இடமும் ஒன்றிரண்டு இருக்கும்.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரு சாசனங்கள் உள்ளன. அவை முறையே கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை. ஊரை 30 குடும்புகளாகப் பகுத்து, குடும்புதோறும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாச் சிறுவன் ஒருவனைக்கொண்டு ஓர் ஓலையை எடுப்பித்தனர். அவ்வோலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசிக்கவேண்டும். இவ்வாறு வந்தவர்களிலிருந்து சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவரும், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரும், ஏரி வாரியத்துக்கு அறுவரும் அமைந்தனர்.

இதனைத் தேர்தல் என்று கூறுவது பொருந்துமா? வாக்கு இல்லை, வாக்கெண்ணிக்கை இல்லை, கூடுதல் குறைவு என்ற பேச்சே இல்லை. இது திருவுளச்சீட்டு. மேலும், அது பிராமணர்க்குரிய சதுர்வேதிமங்கலத்தின் சபை. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையவர்க்கே குடத்தில் இடம். உழுதவனுக்கு இடமில்லை, பெண்ணுக்கும் இல்லை. மேடையில் கைதட்டுவோருள் பெரும்பாலோரின் பாட்டனுக்கும் பாட்டிக்கும் அக்குடத்தில் ஓலை இருந்திராது. இதை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவது வரலாறாகாது.

அங்ஙனமாயின் அச்சாசனத்தின் சிறப்பு யாது? ஓலையை எடுக்கும் முறையில் அன்று, எடுப்பதற்கு முன் நிகழும் சலிப்பில்தான் அது இருக்கிறது. எவன் பெயர் குடத்தினுள் போகலாம், எவன் பெயர் போகலாகாது என்பதைக் கல்லில் வெட்டி ஊர் முழுதும் காண வைத்தனர். முந்திய மூன்றாண்டுகளில் வாரியஞ் செய்தவன் மீண்டும் வரலாகாது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் வரலாகாது. அவனோடு நில்லாமல், அவன் தாயின் உடன்பிறந்தாள் மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மைத்துனன், மருமகன், தந்தை, மகன் என உறவினர் பட்டியல் ஒன்றும் நீள்கிறது, அவர்களும் வரலாகாது. திருமண அழைப்பிதழை ஒத்த அந்த நீண்ட பட்டியலைப் படிக்கும்போது, எழுதினவர்கள் சொந்தக்காரர்களால் எவ்வளவு அல்லற்பட்டிருப்பார்கள் என்று எண்ணத் தோன்றும்.

இன்னொன்றையும் நோக்குதல் வேண்டும். 919இல் வகுத்த விதியில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. 921இல் அது 35 முதல் 70 வரை என மாறிற்று. இரண்டே ஆண்டுகளில் திருத்தம்! பாடநூல்கள் இரு சாசனங்களையும் ஒன்றாக்கிக் கூறுவதால் இந்த அரிய செய்தி மாணவர்க்குக் கிட்டுவதில்லை.

இனிச் சொல்லாராய்ச்சி சிறிது. முற்காலச் செய்தித்தாள்கள் ‘அபேட்சகர்’ என்று எழுதின. பின்னர் ‘வேட்பாளர்’ என்னும் தூய தமிழ்ச் சொல் நிலைபெற்றது. வடசொல்லுக்கும் தமிழ்ச் சொல்லுக்கும் பொருள் ஒன்றே: விரும்புகிறவர். இலத்தீன் வழிவந்த ஆங்கிலச் சொல்லோ வெண்ணிற ஆடையைக் குறித்தது. உரோமாபுரியில் பதவி நாடியோர் ஆடையை வெளுத்து உடுத்து வந்தனர். உத்திரமேரூரில் விரும்பினவன் விரும்பாதவன் என்ற வேறுபாடே காணப்படவில்லை. தகுதி இருந்தால் ஓலை குடத்துள் சேர்ந்தது. நம் சொல் ஆசையைக் குறிக்கிறது. கல்வெட்டு தகுதியை வினவுகிறது. அகநானூற்றின் 77ஆம் பாட்டிலும் குடத்து ஓலை உவமையாக வருகிறது. ஆயின் அங்கே பருந்து குடல் இழுக்கும் கொடிய பாலைக்காட்சிக்கே அது உவமை. அதனைக் குடியாட்சிப் புகழ்ச்சியாகக் காட்டுவோர் பாட்டின் சூழலை மறந்தவரே. திருக்குறளின் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தையும் மேடைகள் விடுவதில்லை. அங்கே சோதிப்பவன் அரசன், ஊரார் அல்லர்.

இந்த வேறுபாடுதான் ஜொகூர் வாக்காளர்க்கு இன்றியமையாதது. 2022 மார்ச் 12இல் நடந்த ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில் 56 இடங்களுக்கு 239 பேர் போட்டியிட்டனர். பத்து பாகாட் நாடாளுமன்றத் தொகுதிக்குட்பட்ட பெங்காராம், செங்காராங், ரெங்கிட் ஆகிய சட்டமன்றத் தொகுதிகளும் அவற்றுள் அடங்கும். 18 வயதினர் முதன்முறையாக வாக்களித்ததும் அத்தேர்தலிலேதான். அவ்விளைஞர்க்கு வாக்குச்சீட்டு கிடைத்தது. சீட்டில் யார் பெயர் அச்சாகவேண்டும் என்று எவரும் அவர்களைக் கேட்கவில்லை. மனுவில் முன்மொழிபவரும் வழிமொழிபவரும் அத்தொகுதி வாக்காளராக இருக்கவேண்டும் என்று சட்டம் கூறும். அக்கையொப்பங்கள் பெரும்பாலும் சடங்கே. ‘வாத்திக்கா’ என்னும் கட்சித் தலைமையின் நியமனக் கடிதம் எவர் கையில் உள்ளதோ அவரே வேட்பாளர். தமிழகத்தின் ‘விருப்ப மனு’ முறையும் இதற்குத் தொலைவானதன்று: கட்டணம் செலுத்துவோர் பலர், நேர்காணலுக்குச் செல்வோர் பலர், முடிவுசெய்வது தலைமை.

அமெரிக்காவில் இக்குறையைத் தீர்க்க முதனிலைத் தேர்தல் என ஒன்றை ஏற்படுத்தினர். விஸ்கான்சின் மாநிலம் 1903இல் அதற்குச் சட்டம் இயற்றிற்று. கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே வாக்காளர் முதலில் தீர்மானிப்பர். பொதுத்தேர்தல் பின்னர் வரும். 2018 மார்ச்சில் இல்லினாய் மாநில மேலவைக்கு நடந்த அத்தகைய தேர்தலில், ராம் வில்லிவலம் என்னும் இளைஞர் நெடுங்காலம் பதவியிலிருந்த தம் கட்சிக்காரரையே வென்றார். நியமனக் கடிதம் ஆளும் நாட்டில் இது நிகழ்வது அரிது. இந்தியாவில் காங்கிரசுக் கட்சி 2014இல் சில நாடாளுமன்றத் தொகுதிகளில் மட்டும் இம்முறையைச் சோதித்துப் பார்த்தது. அது நாட்டுப் பழக்கமாக வேரூன்றவில்லை.

முதனிலைத் தேர்தலுக்குக் குறையில்லை என்பதன்று. ஒருமுறை செலவிடுவதை இருமுறை செலவிடவேண்டும். பணமில்லாதவன் முதற்படியிலேயே நின்றுவிடுவான். கட்சியில் ஆள் சேர்க்கும் போட்டி ஒழுங்கைக் கெடுக்கும். ஆயினும் தோற்றவனுக்கு ஒன்று தெரியும்: எத்தனை பேர் தன்னை வேண்டாமென்றனர் என்பது. நியமனக் கடிதம் கிடைக்காதவனுக்கு அந்தக் கணக்குக்கூடத் தெரிவதில்லை.

மேடைப் பேச்சில் உள்ள இறுதிப் பிழை இது. உத்திரமேரூர் ஓர் ஊராட்சி. ஏரி, தோட்டம், பொன் ஆகியவற்றைக் கவனித்த அவ்வாரியங்களைச் சட்டமன்றத்தோடு ஒப்பிடுதல் பொருந்தாது. பத்து பாகாட் நகராண்மைக் கழகத்தோடுதான் ஒப்பிடவேண்டும். மலேசியாவில் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை அறவே நீக்கியது. அதன்பின் அக்கழகங்களின் உறுப்பினர் நியமனத்தாலேயே வருகின்றனர். உத்திரமேரூர் விதியை அங்கே பொருத்திப் பார்க்கும் ஆசிரியர் வகுப்பில் முதலில் எழுதவேண்டிய கேள்வி வயதைப் பற்றியதன்று. சென்ற முறை இருந்தவர் கணக்குக் காட்டினாரா என்பது.