கோணலை மறைக்கும் பொத்தான்

புரொஜெக்டர் விளம்பரங்களில் வெளிச்சத்தைச் சொல்லும் லுமென் கணக்கு பின்னுக்குப் போய்விட்டது. இப்போது முன்னால் நிற்பது ஆட்டோ கீஸ்டோன். எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், எப்படி வேண்டுமானாலும் சாயுங்கள், கருவியே சுவரைப் பார்த்துப் படத்தை நேராக்கிக்கொள்ளும் என்கிறார்கள். 2022-இல் சாம்சங் நிறுவனம் ஃப்ரீஸ்டைல் என்ற உருளை வடிவக் கருவியைக் கொண்டுவந்த பிறகு இது ஒரு மோகமாகவே ஆகிவிட்டது. விற்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். திரைப்படச் சங்கம் நடத்துகிறவர்களும், நூலக மாடியில் உலக சினிமா காட்டுகிறவர்களும் அதையே ஒரு கொள்கைபோல எடுத்துச் சொல்வதுதான் உறுத்துகிறது. கீஸ்டோன் வந்ததால் திரையிடல் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது, இனி அளவெடுத்து வைக்கிற ஆபரேட்டர் வேலை தேவையில்லை, படம் தெரிந்தால் போதும் என்பது அவர்கள் வாதம். இதில் முதல் பாதி உண்மை. மறுபாதியை சினிமாமீது மதிப்பு வைத்தவர்கள் சொல்லக்கூடாது.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். திரையிடலுக்கென்று கட்டப்படாத அறைகளில்தான் நம்முடைய பெரும்பாலான திரையிடல்கள் நடக்கின்றன. தமிழக அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் திரைப்படம் காட்டும் திட்டம் 2022-இல் தொடங்கியபோது, எல்லாப் பள்ளிக்கும் நேர்த்தியான அரங்கு கிடைத்துவிடவில்லை. கிடைத்த வகுப்பறையில், கிடைத்த மேசையில் கருவியை வைத்துத்தான் ஆசிரியர்கள் படம் காட்ட வேண்டியிருந்தது. தூண் மறைக்கும் கல்யாண மண்டபத்தில், கிரிக்கெட் இறுதிப்போட்டிக்குக் கூடும் தெருமுனையில், பெரிய எழுத்தில் நாலு வரி மட்டும் காட்டும் கருத்தரங்கில் கீஸ்டோன் உதவிதான். இரண்டு மூன்று பாகை சாய்வுக்கு அதைப் பயன்படுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. கோபுரங்கள்மீதும் பழைய கட்டடங்கள்மீதும் ஒளி ஓவியம் வரைகிறவர்களுக்கோ படத்தை வளைப்பதே தொழில். அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு, நேராக வைக்க முடிந்த இடத்திலும் சாய்த்து வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தும் பழக்கத்தோடு. அந்தப் பொத்தான் கோணலைத் திருத்துவதில்லை. கோணலைக் கோணலாகவே விட்டுவிட்டு, அது தெரியாதபடி படத்தை வெட்டிச் சுருக்குகிறது.

புரொஜெக்டருக்குள் படத்தை உருவாக்கும் சிப் அசையாத ஒரு செவ்வகம். ஃபுல் எச்.டி. என்றால் குறுக்கே 1920, நெடுக்கே 1080, மொத்தம் 20,73,600 பிக்சல். கருவியை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவரில் விழும் ஒளி மேலே அகன்று கீழே குறுகும். அதைச் செவ்வகமாகக் காட்ட ஒரே வழி, சிப்பின் மீது படத்தைத் தலைகீழான கோணலில் வரைவது: மேற்பகுதியை ஒடுக்கி, ஓரங்களை அணைத்துவிடுவது. லென்ஸ் நேராகப் பார்க்கும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். திரை அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் வைத்து, 30 பாகை மேல்நோக்கிச் சாய்க்கிறோம். பள்ளிக்கூட முக்கோணவியலைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம்: முழுச் செவ்வகமாகத் திருத்திய பிறகு வேலை செய்வது சுமார் 15 லட்சம் பிக்சல். மீதி ஐந்தரை லட்சத்துக்கும் மேல் சும்மா கிடக்கும். பக்கவாட்டிலும் சாய்த்திருந்தால் இழப்பு இன்னும் கூடும். காசு கொடுத்து வாங்கிய கூர்மையில் கால் பங்குக்கு மேல் ஒரு ஸ்டூலைத் தேடச் சோம்பல்பட்டதற்கு அபராதமாகப் போகிறது.

ஒளிக்கும் இதே கதிதான். திரையரங்கு டிஜிட்டல் தரம் கேட்கும் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. சாதாரண வெள்ளைத் திரையில் 100 அங்குலப் படத்துக்கு அந்த அளவு கிடைக்க ஏறத்தாழ 420 லுமென் வேண்டும். கைக்கடக்கமான கருவிகள் பலவற்றின் உண்மையான வெளிச்சம் அதை எட்டுவதே பெரும்பாடு. அதிலும் கால் பங்குக்கு மேல் அணைத்துவிட்டால் என்ன மிஞ்சும்? அணைத்த ஓரங்களும் முழுதாக இருளாவதில்லை. படத்தைச் சுற்றி ஒரு சாம்பல் நிறக் கோணல் சட்டம் மங்கலாகத் தெரியும். இரவுக் காட்சி வந்தால், கருவி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை அந்தச் சட்டமே காட்டிக்கொடுத்துவிடும்.

எண்ணிக்கை குறைவதைவிடப் பெரிய கேடு கலப்படம். கீஸ்டோன் போட்டபின் படத்தின் ஒரு பிக்சல் சிப்பின் ஒரு பிக்சலில் உட்காருவதில்லை. பக்கத்தில் இருப்பவற்றோடு கலந்து, சராசரியாகி, புதிதாக வரையப்படுகிறது. முகங்களில் இது சட்டென்று தெரியாது. நேர்கோடுகளில் தெரியும். ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ படத்தைக் கீஸ்டோன் போட்டுப் பாருங்கள். அதில் வரும் வீடுகளின் நகரும் கதவுச் சட்டங்களும் பாய் விளிம்புகளும் சட்டகத்துக்குள் எவ்வளவு கவனமாக நிறுத்தப்பட்டவை! அவை படிக்கட்டுப் படிக்கட்டாக உடையும். காமிரா மெல்ல நகரும் படங்களில் என்றால் இத்தகைய கோடுகள் நெளியவும் செய்யும். சில கருவிகள் மேல் அகலத்தை மட்டும் ஒடுக்கிவிட்டு உயரத்தை அப்படியே விட்டுவிடுகின்றன. நடிகர்கள் எல்லோரும் கொஞ்சம் நெட்டையாகிவிடுவார்கள்.

தமிழ் எழுத்துக்கு இது தனிச் சோதனை. ஆங்கில எழுத்து கொஞ்சம் மங்கினாலும் உருவம் பிடிபடும். தமிழில் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி, இரட்டைக்கொம்பின் சுழி, விசிறிவிட்ட இகர ஈகார வளைவு எல்லாம் சப்டைட்டில் அளவில் இரண்டு மூன்று பிக்சலில் நிற்பவை. சராசரி எடுக்கும்போது முதலில் கரைவது அவைதான். கெ எது, கே எது என்று பின்வரிசைக்காரர் ஊகித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். தமிழ் சப்டைட்டில் போட இரவெல்லாம் கண்விழித்து மொழிபெயர்த்த ஒருவரின் உழைப்பை, மேசையின் கீழ் நாலு செங்கல் வைக்க மறுத்த இன்னொருவர் வீணடிக்கிறார்.

இவ்வளவையும் மென்பொருள் முன்னேற்றம் ஒருநாள் சரிசெய்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். எந்த மென்பொருளாலும் தொட முடியாத ஒன்று உண்டு: ஃபோகஸ். லென்ஸ் கூர்மையாகக் காட்டும் தளம் சிப்புக்கு இணையான தளம். சுவர் அதற்குச் சாய்வாக நின்றால் நடுவில் கூர்மை, மேலும் கீழும் மங்கல்; மேலே கூராக்கினால் சப்டைட்டில் விழும் அடிப்பகுதி போய்விடும். ஆட்டோ ஃபோகஸ் பெரும்பாலும் நடுவைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடும். பிக்சலை மாற்றி வரைவதால் ஒளி குவியும் தூரம் மாறிவிடாது. கீஸ்டோனை ஆதரிக்கிறவர்கள் யாரும் இதற்குப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

இணைப்பில் நடக்கும் கவனக்குறைவும் இதோடு சேர்ந்துகொள்ளும். எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகியதும் மடிக்கணினி தன் திரையையும் புரொஜெக்டரையும் ஒரே அளவில் இரட்டிக்கும். மடிக்கணினித் திரை 1366×768 என்றால், 1080 வரிகள் கொண்ட படம் முதலில் 768 வரிக்குச் சுருங்கும். அங்கிருந்து புரொஜெக்டரின் அளவுக்கு ஊதிப் பெருக்கப்படும். பிறகு கீஸ்டோனுக்காக வளைக்கப்படும். மூன்று முறை அரைத்த மாவில்தான் தோசை. விண்டோஸ் பொத்தானோடு பி எழுத்தை அழுத்தி, இரண்டாவது திரை மட்டும் என்று தேர்ந்து, புரொஜெக்டரின் சொந்த அளவைக் கொடுத்தால் முதல் இரண்டும் நின்றுபோகும். இது அரை நிமிட வேலை. ஆனால் பொத்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பப் பழகியவர் இந்த அரை நிமிடத்தையும் செலவழிப்பதில்லை.

கோணல் பிரச்சினை டிஜிட்டலோடு வந்ததல்ல. பழைய திரையரங்குகளில் புரொஜெக்டர் அறை பால்கனிக்கும் மேலே இருந்தது. ஒளி கீழ்நோக்கித்தான் இறங்கியது. அதற்குத் திரையைச் சற்றுப் பின்சாய்த்துக் கட்டினார்கள். ஃபிலிமுக்கு முன் இருக்கும் உலோகத் தகட்டின் ஜன்னலை அரத்தால் ராவி, திரை விளிம்புக்கு ஏற்றபடி படத்தின் ஓரத்தை வெட்டினார்கள். ஓவர்ஹெட் புரொஜெக்டர் காலத்தில் முக்காலித் திரைகளின் உச்சியில் ஒரு சிறு இரும்புக் கை நீட்டிக்கொண்டிருக்கும். திரையின் மேல்முனையை முன்னால் இழுத்து மாட்டி, ஒளிக்கு நேர் எதிராகத் திரையைச் சாய்ப்பதற்காகவே அது இருந்தது. இன்றைய நல்ல கருவிகளில் லென்ஸ் ஷிஃப்ட் இருக்கிறது. லென்ஸையே மேலும் கீழும் நகர்த்திப் படத்தை இடம் மாற்றும் அந்த ஏற்பாட்டில் ஒரு பிக்சல்கூடச் சாகாது. இவை எல்லாமே இடத்தையும் ஒளியையும் ஒழுங்குபடுத்தும் வழிகள். ஓரத்தைத் தாண்டிப் படத்துக்குள்ளேயே கை வைப்பது கீஸ்டோன் மட்டும்தான்.

லென்ஸ் ஷிஃப்ட் இல்லாத மலிவான கருவியிலும் வழி இருக்கிறது, பெரும்பாலானோர் அதைக் கவனிப்பதில்லை. வகுப்பறைகளுக்கென்று விற்கும் டி.எல்.பி. புரொஜெக்டர்கள் பலவும் சாய்க்காமலே படத்தை மேலே வீசும்படி செய்யப்பட்டவை. சமமான மேசையில் வைத்தால் படத்தின் அடிவிளிம்பு லென்ஸ் மட்டத்தில், அல்லது அதற்குச் சற்று மேலே நிற்கும். தலைகீழாகக் கூரையில் தொங்கவிட்டால் மேல்விளிம்பு அந்த மட்டத்துக்கு வரும். ஆக, திரையின் அடி தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருந்தால் லென்ஸும் ஏறக்குறைய நாலடியில் இருக்க வேண்டும். மேசை இரண்டரை அடி. வித்தியாசம் ஒன்றரை அடி, ஒரு சின்ன ஸ்டூல். அதைத் தேடுவதற்குப் பதில் முன்காலைத் திருகி மூக்கைத் தூக்குகிறோம். காலின் திருகு தீர்ந்ததும் அடியில் இரண்டு புத்தகம் வைக்கிறோம். பிறகு மெனுவைத் திறக்கிறோம்.

என் எதிர்ப்பைக் கேட்டவர்கள் இரண்டு பதில்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, 4கே வந்துவிட்டது, பிக்சல் கொட்டிக்கிடக்கிறது, கொஞ்சம் போனால் என்ன என்பது. வீடுகளுக்கு விற்கும் 4கே கருவிகள் பலவற்றில் சிப் 1920×1080 தான். அதையே நொடிக்குள் நாலு திசையில் நகர்த்தி நாலு மடங்காகக் காட்டுகிறார்கள். அப்படி நுட்பமாக நகர்த்திப் பெற்ற கூர்மையைக் கீஸ்டோனில் கலக்கி ஊற்றுவதற்கு, பேசாமல் பாதி விலைக் கருவியை வாங்கியிருக்கலாம். இரண்டாவது பதில், பார்வையாளர்கள் யாரும் கவனிப்பதில்லை என்பது. இது பதிலே அல்ல. பார்வையாளருக்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு திரை கிடையாது. மங்கலான படத்தைப் பார்த்துவிட்டு, பழைய படம் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு எழுந்து போகிறார். படத்தின்மீது விழும் அந்தப் பழியை யார் ஏற்பது?

இவ்வளவு தூரம் வந்தபின் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கீஸ்டோனின் மிகப் பெரிய தீங்கு கருவிக்குள் இல்லை, அறைகளைத் திட்டமிடுகிறவர்களின் தலைக்குள் இருக்கிறது. புதிதாகக் கட்டும் கருத்தரங்கக் கூடங்களை நிமிர்ந்து பாருங்கள். நடு விட்டத்தில் மின்விசிறி. அதனால் புரொஜெக்டரின் இரும்புத் தாங்கி இரண்டடி தள்ளி, ஓரமாக. திரைக்கு நேர் மேலே டியூப் லைட். அதற்குத் தனி சுவிட்ச் கிடையாது, அணைத்தால் அறை முழுவதும் இருட்டு. கட்டடம் வரையும்போதே திரையின் நடுக்கோட்டை ஒரு பென்சில் கோடாகப் போட்டிருந்தால் இவற்றில் எதுவும் நேர்ந்திருக்காது. ஆனால் யாரும் போடுவதில்லை. கேட்டால் ஒரே பதில்: கீஸ்டோன் போட்டுக்கொள்ளலாம் சார். லட்சக்கணக்கில் செலவழித்த கூடத்தின் ஆயுள் முழுக்க ஒவ்வொரு படமும் கோணலாகவே வீசப்பட்டு, கோணலாகவே திருத்தப்படும். தற்காலிக இடத்துக்கு வந்த தற்காலிக ஏற்பாடு நிரந்தர இடங்களையும் தற்காலிகமாக்கிவிட்டது.

இப்படிப்பட்ட வசதியைத்தான் எல்லோர் கைக்கும் வந்த திரையிடல் என்று கொண்டாடுகிறார்கள். எல்லோர் கைக்கும் வந்திருப்பது கருவி. திரையிடும் வேலை யார் கையிலும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வேலை பெரிய வித்தையும் அல்ல: திரையின் நடுவிலிருந்து ஒரு நூல் பிடிப்பது, அகலத்தை அளப்பது, அதைக் கருவியின் எறிதூர விகிதத்தால் பெருக்கித் தூரத்தைக் குறிப்பது, லென்ஸின் உயரத்தை முடிவுசெய்வது, மட்டம் பார்ப்பது. பிளஸ் டூ மாணவர் ஒருவருக்கு ஒரு மாலையில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஒரு ஊருக்கு அப்படி இரண்டு பேர் இருந்தால், மலிவான கருவியிலும் மற்றவர்கள் விலையுயர்ந்த கருவியில் காட்ட முடியாத படத்தைக் காட்டிவிடுவார்கள்.

திரைப்படச் சங்கங்கள் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டால் போதும். கருவியை இயக்கியதும் மெனுவுக்குள் போய் ஆட்டோ கீஸ்டோனை அணையுங்கள், அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். படம் கோணலாக விழுந்தால் மேசையை நகர்த்துங்கள். அது முடியாவிட்டால் திரையை நகர்த்துங்கள். அதுவும் முடியாவிட்டால் படத்தைச் சிறிதாக்கி நேராகக் காட்டுங்கள். நேராக விழுந்த 80 அங்குலப் படம், வளைத்து நேராக்கிய 120 அங்குலப் படத்தைவிட மேல். கடைசியில் வேறு வழியே இல்லை என்றால் பொத்தானை அழுத்துங்கள், ஆனால் அதை வசதி என்று சொல்லாதீர்கள்.