திறந்தவெளி நிகழ்த்துகையில் நிலமும் பொழுதும்: ஆன்டிகனி, படுகளம், தாண்டிக்குடிக் கல்திட்டைகள்

ஆய்வுச் சுருக்கம்

கிரேக்கத் துன்பியல் நாடகங்களைத் தோட்டம் முதலிய திறந்தவெளிகளில் நிகழ்த்தும்போது நிலம் வெறும் பின்னணிக் காட்சியாகச் சுருங்கிவிடும் வாய்ப்பு உண்டு. தொல்காப்பிய முதற்பொருள் கோட்பாட்டின் துணைகொண்டு சோபாக்ளிசின் ஆன்டிகனி நாடகத்தையும் திரௌபதி அம்மன் திருவிழாப் படுகளத்தையும் ஒப்பிடும் இக்கட்டுரை, தாண்டிக்குடி போன்ற ஈமச்சின்ன நிலத்தில் அந்நாடகத்தை நிகழ்த்துவதற்கான எல்லையை வரையறுக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: துன்பியல், திறந்தவெளி அரங்கு, முதற்பொருள், படுகளம், கல்திட்டை.

முன்னுரை

ஏதென்சில் துன்பியல் நாடகங்கள் அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில், டயோனைசஸ் தெய்வத்தின் வழிபாட்டு வளாகத்தில், பகல் வெளிச்சத்தில் நிகழ்த்தப்பெற்றன. பார்வையாளர் சரிவில் அமர்ந்தனர். கீழே கோரஸ் எனப்படும் பாடற்குழு ஆடிப்பாடும் வெளியும், அதன் பின்னே பெரும்பாலும் அரண்மனை வாயிலாகக் கொள்ளப்பட்ட ஒரு கட்டடமும் இருந்தன. இம்மரபை மீட்கும் விருப்பம் பிற்காலத்திலும் தொடர்ந்தது. இங்கிலாந்தின் பிராட்ஃபீல்ட் கல்லூரியில் கைவிடப்பட்ட சுண்ணக்கல் குழி ஒன்று கிரேக்க அரங்காக மாற்றப்பட்டு, 1890இல் ஆன்டிகனி அங்கு நிகழ்த்தப்பட்டது. பூங்காக்களிலும் தோட்டங்களிலும் இந்நாடகங்களை அரங்கேற்றும் வழக்கம் இன்றும் உண்டு. கூரையை நீக்கினால் பழைய அரங்கு மீண்டுவிடும் என்னும் எண்ணம் பொருந்துமா என்பதே இங்கு எழும் வினா.

பொழிலும் காடும்

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்பர். அவை ஒழுக்கம் நிகழ்வதற்கான அடிப்படை. பின்னணி அழகுக்காகச் சேர்க்கப்படுவன அல்ல. இந்நோக்கில் தோட்டம் என்னும் இடத்திற்கும் தமிழ் மரபில் ஒரு பொருள் உண்டு. அகப்பாடல்களில் பொழில் தலைவனும் தலைவியும் எதிர்ப்படும் இடம், களவின் இடம். இறப்பைப் பாடும் காஞ்சித்திணையோ காடு வாழ்த்து என்னும் துறையைக் கொண்டது. அங்குக் காடு என்பது இறந்தோரின் இடம். எனவே, அடக்கம் மறுக்கப்பட்ட ஓர் உடலைப் பற்றிய நாடகத்தைப் பூந்தோட்டத்தில் நிகழ்த்தும்போது, நிலம் ஒன்றையும் உரிப்பொருள் வேறொன்றையும் பேசக்கூடும்.

நாடகத்தினுள் பொழுது

ஆன்டிகனியின் கட்டமைப்பில் பொழுது தெளிவாக இயங்குகிறது. விடியுமுன் அரண்மனை வாயிலுக்கு வெளியே சகோதரியர் இருவர் சந்திக்கின்றனர். அடுத்து நுழையும் பாடற்குழு எழும் ஞாயிற்றை வாழ்த்துகிறது. உச்சிவேளையில் எழுந்த புழுதிச் சூறை அடங்கியபின் ஆன்டிகனி பிடிபட்டதைக் காவலன் விவரிக்கிறான்.

இடமும் அவ்வாறே திட்டமிடப்பட்டுள்ளது. பாலினைசிசின் உடல் கிடக்கும் வெளியோ ஆன்டிகனி அடைக்கப்படும் பாறைக்குகையோ அரங்கில் காட்டப்படுவதில்லை. அவை காவலனும் தூதனும் சொல்லக் கேட்கப்படுவன. கண்முன் நிற்பது அதிகாரத்தின் வாயில் மட்டுமே. இறுதியில் அவ்வாயிலில் காட்டப்படும் உடல்கள் கிரியோனின் மகனும் மனைவியும் ஆவர். பிறர் வீட்டுப் பிணத்தைப் பார்வைக்கு அப்பால் வைத்த நாடகம், ஆள்வோன் வீட்டுப் பிணத்தைக் கண்முன் கொண்டுவருகிறது.

இடிபாடும் படுகளமும்

1963இல் இப்ராஹிம் அல்காஸி, தர்மவீர் பாரதியின் 'அந்தா யுக்' நாடகத்தைத் தில்லி பெரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளில் நிகழ்த்தினார். பாரதப் போரின் பதினெட்டாம் நாளில் தொடங்கும் அந்நாடகத்திற்கு அழிந்த கோட்டை பொருந்தியது. அதிகாரம் வீழ்ந்ததைச் சொல்லும் கதை அதிகாரம் வீழ்ந்த இடத்திலேயே நிகழ்ந்தது.

அதே பதினெட்டாம் நாள் வடதமிழக ஊர்களின் திரௌபதி அம்மன் திருவிழாவில் வேறு வகையில் நிகழ்கிறது. இரவெல்லாம் நடக்கும் பதினெட்டாம் போர்க் கூத்து, விடிந்தபின் ஊர் வெளியில் படுகளமாக முடிகிறது. தரையில் மண்ணால் சமைத்த பேருருவத் துரியோதனன் கிடக்கிறான். பீமன் தொடையில் அடிக்கத் திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். சோபாக்ளிஸ் மறைத்த வீழ்ந்த உடலைப் படுகளம் வெளிப்படையாகக் காட்டுகிறது. ஆயினும் அவ்வுடல் அந்த நாளுக்கென ஊரார் தம் மண்ணில் செய்தது. சடங்கு முடிந்தபின் மண்ணோடு கலப்பது. யாருடைய கல்லறையும் அங்குக் காட்சிப் பொருளாவதில்லை.

தாண்டிக்குடி

திண்டுக்கல் மாவட்டத்தில், கீழ்ப்பழனி மலைப்பகுதியில் காப்பித் தோட்டங்களுக்கிடையே அமைந்த தாண்டிக்குடி, பெருங்கற்கால ஈமச்சின்னங்களால் அறியப்பட்ட ஊர். பழனி மலைக் கல்திட்டைகளைப் பற்றி ஆங்லேடும் நியூட்டனும் எழுதிய நூல் 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த இத்தகைய அமைப்புகளைத் தமிழகத்தின் சில பகுதிகளில் பாண்டவர் வீடு என்றும் மாண்டவர் வீடு என்றும் வழங்குவர்.

சரிவு, திறந்த வானம், கல்லறை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இந்நிலம் ஆன்டிகனிக்கு இயல்பாகப் பொருந்துவதாகத் தோன்றும். சரிவும் வானமும் பொருந்தும். கல்திட்டைகளை அரங்கப் பின்னணியாக்குவது பொருந்தாது. முதலாவதாக, சொல்லால் எழவேண்டிய குகையைக் கண் முன்னரே கண்டுவிடும். தூதனின் உரை வலுவிழக்கும். இரண்டாவதாக, கிரியோன் ஓர் இறந்த உடலைத் தன் ஆணைக்கான அடையாளமாக ஆக்கினான். அதைக் கண்டிக்கும் நாடகம், உண்மையாக இறந்தோரின் இடத்தைத் தன் காட்சிக்கான அடையாளமாக ஆக்குவது முரண்.

திட்டைகள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவைத் தேர்ந்து, அவை இருக்கும் திசையிலிருந்து வரும் பாதையையே காவலனும் தூதனும் நுழையும் வழியாகக் கொள்வது இதற்கு மாற்றாகலாம். இருள் பிரியுமுன் நாடகம் தொடங்கினால் பாடற்குழுவின் வாழ்த்துக்கு உண்மையான ஞாயிறே எதிர்ப்படும். அவ்வமைப்பில் நிலமும் பொழுதும் முதற்பொருளாகவே செயற்படும்.

முடிவுரை

திறந்தவெளி என்பது துன்பியலுக்குத் தானாகவே பொருந்தும் களமன்று. நாடகம் எதைக் காட்டுகிறது, எதைச் சொல்லில் மட்டும் வைக்கிறது என்பதை அறிந்தே நிலம் தேரப்பட வேண்டும். கோட்லாவும் படுகளமும் வெவ்வேறு வழிகளில் இதை நிறைவேற்றின. தமிழகத்தில் கிரேக்க நாடகங்களை வெளியில் நிகழ்த்த விழைவோர்க்குப் படுகளம் நெருக்கமான முன்மாதிரியாகும். அதன் ஒப்பனையையும் அடவையும் எடுத்துக்கொள்வதைவிட, நிலத்தோடு அது கொண்டுள்ள உறவைக் கற்பதே பயன் தரும்.