செயலாய்வு: மரபுகளும் அளவுகோலும்

பி.எஸ்சி. கணிதமோ எம்.பி.ஏ.வோ படித்தவர்களுக்கு 'ஓ.ஆர்.' பேப்பர் நினைவிருக்கும். போக்குவரத்துக் கணக்கு, ஒதுக்கீட்டுக் கணக்கு, பக்கம் பக்கமாகச் சிம்ப்ளெக்ஸ் அட்டவணை. கூட்டலில் பிசகாமல் இருந்தால் முழு மதிப்பெண். நானும் அப்படித்தான் படித்தேன். பல ஆண்டுகள் அப்படியே நடத்தவும் செய்தேன். செயலாய்வு என்று நாம் தமிழில் சொல்லும் இந்தத் துறை எந்தத் தேவையில் பிறந்தது என்பதைப் பிறகுதான் தேடிப் படித்தேன். மாணவர்களுக்கு நாம் கொடுப்பது அதில் பாதியைத்தான் என்று அப்போது தெரிந்தது.

இதன் பிரிவுகளில் மிக மூத்தவற்றுள் ஒன்று சரக்குக் கணக்கு. 1913இல் ஃபோர்ட் விட்மன் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஒரு தடவைக்கு எத்தனை உருப்படி செய்வது என்ற கேள்விக்கு ஒரு வர்க்கமூலச் சூத்திரம் எழுதினார். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி வாங்கினால் ஆர்டர் செலவு ஏறும். மொத்தமாக வாங்கிக் குவித்தால் பணம் முடங்கும், இடம் அடைபடும், சரக்கு கெடும். இரண்டு செலவும் சமமாகும் இடம்தான் சிக்கனமான அளவு.

ஒரு பம்ப்செட் தொழிற்சாலைக்கு ஆண்டுக்கு 3,600 பேரிங் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆர்டருக்கு ஆகும் செலவு 200 ரூபாய். ஒரு பேரிங்கை ஓராண்டு வைத்திருக்க 4 ரூபாய். சூத்திரம் 600 என்று விடை தரும். ஆண்டுச் செலவு, ஆர்டருக்கு 1,200, இருப்புக்கு 1,200, ஆக 2,400 ரூபாய். தேர்வில் இத்தோடு கோடு போட்டு முடித்துவிடுவோம். உண்மையான செய்தி இதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. 600க்குப் பதில் 1,200 வாங்கினால் செலவு 3,000 ரூபாய்; 300 வாங்கினாலும் அதே 3,000. அளவு இரண்டு மடங்கு தவறியும் செலவு கால் பங்குதான் கூடுகிறது. பெட்டிக்கு 500 என்று வந்தால் பெட்டியாகவே வாங்குங்கள் என்று ஸ்டோர்கீப்பரிடம் தயங்காமல் சொல்லலாம்; அதனால் கூடுவது ஆண்டுக்கு 40 ரூபாய். எந்தப் பிழை பெரியது, எதை விட்டுவிடலாம் என்று பிரித்துச் சொல்வதுதான் இந்தச் சூத்திரத்தின் அருமை.

தேவை நிச்சயமில்லாதபோது என்ன செய்வது என்பதைப் பிற்காலத்தவர் பார்த்தார்கள். கையிருப்பு ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கினால் இன்னொரு கோடு வரை நிரப்பு என்ற கொள்கையே சிறந்தது என்று, பொதுவான சில நிபந்தனைகளின் கீழ், 1960இல் ஹெர்பர்ட் ஸ்கார்ஃப் நிறுவினார். தெருமுனை மளிகைக்காரர் அரிசி மூட்டை எடுக்கும் முறையும் கிட்டத்தட்ட இதுவே.

துறைக்குப் பெயர் வந்தது இங்கிலாந்தில், ரேடார் ஆய்வு நடந்த பாட்ஸி என்ற இடத்தில், 1930களின் இறுதியில். இரண்டாம் உலகப் போர் வந்ததும் பேட்ரிக் பிளாக்கெட் என்ற இயற்பியலர் பல துறை அறிஞர்களைச் சேர்த்துக்கொண்டு படைத்தளங்களுக்கே போனார். அந்த வட்டத்தில் இருந்த இ. ஜே. வில்லியம்ஸ் செய்த ஒரு வேலையை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்வேன். நீர்மூழ்கிகள்மேல் விமானம் போடும் குண்டு 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி வைத்திருந்தார்கள். விமானத்தைக் கண்டு மூழ்கும் நீர்மூழ்கி அதற்குள் அவ்வளவு ஆழம் போயிருக்கும் என்பது கணிப்பு. வில்லியம்ஸ் தாக்குதல் பதிவுகளைப் பார்த்தார். அவ்வளவு ஆழம் போக நேரம் கிடைத்த நீர்மூழ்கி பக்கவாட்டில் எங்கே நகர்ந்தது என்று விமானிக்குத் தெரியாது. குண்டு அதன்மேல் விழுவதே அரிது. விமானி கண்ணால் பார்த்துக் குறிவைக்கும் நீர்மூழ்கியோ நீர்மட்டத்தை ஒட்டி இருக்கிறது. 100 அடியில் வெடிக்கும் குண்டு அதை ஒன்றும் செய்யாது. 25 அடிக்கு மாற்றுங்கள் என்றார். வெடிமருந்தைக் கூட்டவில்லை, புது விமானம் கேட்கவில்லை. தாக்குதலின் பலன் பல மடங்கு கூடியது. இதில் பள்ளிக் கணக்குக்கு மேல் எதுவும் இல்லை. பதிவேட்டைப் புரட்டிச் சரியான கேள்வியைக் கேட்டதுதான் எல்லாம்.

இது களத்துக்குப் போகும் மரபு என்றால், அடுத்தது கணித மரபு. லெனின்கிராடில் லியோனிட் கன்டரோவிச் ஒரு பிளைவுட் நிறுவனத்தின் இயந்திரங்களுக்கு வேலை பங்கிடப் போய், நேரியல் திட்டமிடலின் அடிப்படையை 1939இல் வெளியிட்டார். அமெரிக்க விமானப்படையில் இருந்த ஜார்ஜ் டான்ட்சிக் அதை அறியாமலே, அத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறையை 1947இல் கண்டார். அதைச் சோதிக்க எடுத்துக்கொண்ட கணக்கு, ஒரு மனிதனுக்கு ஆண்டு முழுவதும் மிகக் குறைந்த செலவில் சத்துள்ள சாப்பாடு: 77 உணவுகள், 9 சத்துகள். கையால் இயக்கும் கணக்குப்பொறிகளில் போட்டு முடிக்க 120 ஆள்-நாள் பிடித்தது. விடை 39.69 டாலர். பொருளியலர் ஸ்டிக்லர் முன்பே சாமர்த்தியமாக ஊகித்துச் சொன்னது 39.93. வித்தியாசம் 24 சென்ட்தான். அப்படியானால் இத்தனை உழைப்பு எதற்கு? அந்த ஊகம் எவ்வளவு நல்ல ஊகம் என்பது இந்த உழைப்புக்குப் பிறகுதான் தெரிந்தது. கணித மரபின் கொடை அதுவே. உச்சம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் நாம் எவ்வளவு கீழே நிற்கிறோம் என்று சொல்ல முடியும்.

வேலைகளை வரிசைப்படுத்தும் கலையில் கான்ட் அட்டவணை, 1950களின் இறுதியில் வந்த சி.பி.எம்., பெர்ட் எல்லாம் பெயர்பெற்றவை. எனக்குப் பிடித்தது 1954இல் ஜான்சன் தந்த விதி. ஓர் அச்சகத்தை எடுத்துக்கொள்ளலாம். மூன்று புத்தகங்கள், முதலில் அச்சு, பிறகு பைண்டிங். முதலாவதற்கு 3 மணி, 6 மணி. இரண்டாவதற்கு 4, 5. மூன்றாவதற்கு 7, 2. இதே வரிசையில் எடுத்தால் 16 மணி நேரத்தில் எல்லாம் முடியும். தலைகீழாக எடுத்தால் 22 மணி. அச்சில் சீக்கிரம் முடிவது முன்னால், பைண்டிங்கில் சீக்கிரம் முடிவது பின்னால் என்பதுதான் விதி. போர்மேனிடம் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

ஜப்பானில் டொயோட்டா காட்டிய வழி வேறு. ஹாரிஸ் மாறாதது என்று எடுத்துக்கொண்ட, ஆர்டர் செலவுக்கு இணையான தயாரிப்புத் தொடக்கச் செலவையே குறைத்தால் என்ன என்று தைச்சி ஓனோவும் அவருடைய சகாக்களும் கேட்டார்கள். இயந்திரத்தில் அச்சு (டை) மாற்றும் நேரத்தை மணிக்கணக்கிலிருந்து நிமிடக்கணக்குக்குக் கொண்டுவந்தார்கள். அந்தச் செலவு கால் பங்கானால் சிக்கன அளவு பாதியாகும் என்பது ஹாரிஸின் சூத்திரத்திலேயே இருக்கிறது. சூத்திரத்தை அந்தக் கோணத்திலிருந்தும் படிக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

துறைக்குள்ளிருந்தே எழுந்த குரல்களையும் மறக்கக் கூடாது. மேலாளர் உச்சத்தைத் தேடுவதில்லை, போதுமானது கிடைத்ததும் நின்றுவிடுகிறார் என்றார் ஹெர்பர்ட் சைமன். தொடக்கப் பாடநூல்களில் ஒன்றை 1957இல் மற்ற இருவரோடு எழுதிய ரஸல் அக்காஃப், 1979இல் இத்துறையின் எதிர்காலம் முடிந்துவிட்டது என்றே எழுதினார். களத்தை விட்டுக் கணிதத்துக்குள் புகுந்துகொண்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. கடுமையான சொல்தான். ஆனால் நம் வினாத்தாள்களைப் பார்க்கும்போது அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தியாவில் 1949இல் ஐதராபாத் மண்டல ஆய்வகத்தில் முதல் பிரிவு தொடங்கியது. 1957இல் அகில இந்தியச் சங்கம் அமைந்தது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் அறுவை அரங்கைச் செயலாய்வுப் பாடமாகவே சொல்வேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்தவரை மற்றதில் தயார்செய்து வைக்கிறார்கள். மருத்துவர் முடித்ததும் திரும்பி அடுத்ததைத் தொடங்குகிறார். அங்கே அரிய பொருள் மருத்துவரின் நேரம். மற்ற எல்லாமே அதற்கேற்ப அமைந்திருக்கின்றன.

இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் அட்டவணையைக் கரும்பலகையில் போடுவதற்கு முன், மாணவர்களை ஒரு நாள் ரேஷன் கடையிலோ பஸ் டிப்போவிலோ மருந்துக் கிடங்கிலோ நிறுத்துங்கள். ஸ்டாக் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்க்கட்டும். கணக்கை அங்கிருந்து அவர்களே எழுதிக்கொண்டு வரட்டும்.