பட்டடை

பிலிமத்தலாவையில் கண்டி வீதியோரம் பித்தளை விளக்குகள் மின்னும். பட்டறைக்குப் பட்டடைதான் உயிர். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் சேவையகத்துக்குள்ளும் ஒரு பட்டடை இருக்கிறது; அதன் பெயரே 'அன்வில்'. எந்த ஐபி முகவரியிலிருந்து ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்று எண்ணுவது அதன் வேலை. முன்னிருப்பு உச்சம் 50. மொத்தச் செயல்முறை வரம்பான 100இல் பாதி. ஒரு விடுதி முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே பொது முகவரியில் வெளியே வந்தால், 51ஆவது மாணவியின் ஒப்படைக்கு 421 என்ற மறுப்புதான் கிடைக்கும். அவசரத்தில் மொத்தச் செயல்முறை வரம்பை ஆயிரமாக்கினால் நினைவகம் திணறக்கூடும். நல்ல கையோ பதிவுக் கோப்பில் நெரிசல் வேளையைப் படிக்கும், அந்த விடுதி முகவரிக்கு மட்டும் விலக்குக் கொடுக்கும், மொத்த வரம்பைக் கொஞ்சமாக ஏற்றிவிட்டு ஒருநாள் பொறுத்துப் பார்க்கும். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும். பித்தளைத் தட்டத்தின் விளிம்பை நிமிர்த்துபவரும் ஓங்கி அடிப்பதில்லை. ஒரு தட்டு, ஒரு திருப்பல், வெளிச்சத்தில் ஒரு பார்வை.