சைவம், அசைவம் என்னும் இருமை: தமிழ் இலக்கிய உணவாய்வில் ஒரு கலைச்சொல் சிக்கல்

ஆய்வுச் சுருக்கம்

பழந்தமிழ் நூல்கள் சுட்டும் உணவுகளைச் சைவம், அசைவம் எனப் பகுப்பது இன்றைய ஆய்வேடுகளில் பெருவழக்காக உள்ளது. இப்பகுப்பு நடுநிலையான வகைப்பாடு அன்று. பிற்காலத்துத் தூய்மைக் கருத்தையும் சமூகப் படிநிலையையும் முற்கால நூல்களின்மேல் ஏற்றுவது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. சங்கப் பாடல்கள், திருக்குறள், மணிமேகலை, நீலகேசி, பெரியபுராணம் ஆகியவற்றில் ஊனுணவு குறித்த நிலைப்பாடுகள் தம்முள் வேறுபட்டவை என்பதும், அவ்வேறுபாடுகளை இவ்விருமை மறைத்துவிடுகிறது என்பதும் இங்கு விளக்கப்படுகின்றன.

குறிச்சொற்கள்: ஊனுணவு, புலால் மறுத்தல், கொல்லாமை, சைவம், அசைவம், விருந்தோம்பல்

முன்னுரை

சங்ககால உணவு குறித்த ஆய்வேடுகளில் ‘சைவ உணவுகள்’ என ஓர் இயலும் ‘அசைவ உணவுகள்’ என அடுத்த இயலும் அமைவதைப் பரவலாகக் காணலாம். சோறு, தயிர், கீரை ஆகியன முதற்பட்டியலிலும், மீன், நண்டு, உடும்பு, ஆட்டிறைச்சி ஆகியன இரண்டாம் பட்டியலிலும் அடுக்கப்படும். தரவுகளைத் தொகுக்க இது எளிய வழியே. ஆயின், வகைப்பாட்டிற்குரிய சொற்களை எங்கிருந்து பெற்றோம் என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

‘சைவம்’ என்பது சமயப் பெயர். அது உணவின் பெயராகியது பிற்கால வழக்கு. ‘அசைவம்’ என்பதோ அப்பெயரின் எதிர்மறை. இந்தியப் பதிவாளர் நாயகத்தின் மாதிரிப் பதிவு முறை சார்ந்த 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 வயதிற்கு மேற்பட்டோருள் 97 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோரை மரக்கறி உணவினர் அல்லாதோராகப் பதிவு செய்துள்ளது. ஒரு சமூகத்தின் ஆகப்பெரும்பான்மையினர் உண்ணும் உணவு, மிகச் சிறுபான்மையினரின் உணவுப் பெயரோடு எதிர்மறை முன்னொட்டுச் சேர்த்து அழைக்கப்படுகிறது. எது இயல்பு, எது விலகல் என்பதை இச்சொல்லே முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது. அன்றாடப் பேச்சில் இதனைத் தவிர்ப்பது அரிது. ஆய்வுமொழியிலோ தவிர்த்தே ஆகவேண்டும்.

திணையும் விருந்தும்

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனை நாடிச் செல்லும் பாணன் வழியில் பெறக்கூடிய உணவுகளை நிலந்தோறும் வரிசைப்படுத்துகிறது. எயினர் குடியிருப்பில் ஊனுணவு கிடைக்கும். மருதநிலத்து உழவர் இல்லத்தில் சோற்றுடன் வாட்டிய கோழி கிடைக்கும். மறையோர் ஊரில் வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும் மாவடு ஊறுகாயும் கிடைக்கும். இவ்வரிசையில் மறையோர் உணவு ஊன் கலவாதது என்பது தெளிவு. எனினும் அதனை உயர்ந்தது என்றோ ஏனையவற்றைத் தாழ்ந்தவை என்றோ புலவர் மதிப்பிடவில்லை. எந்நிலத்தில் எது கிடைக்கும், யார் எதனைக் கொடுப்பர் என்பதே அவர் கருத்து. இங்கு அளவுகோல் ஈகை ஒன்றே.

புறநானூற்றின் 14ஆம் பாடல் இதற்கு மேலும் ஒரு சான்று. தம்மை அந்தணர் எனக் கூறிக்கொள்ளும் கபிலர், சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனிடம் தம் கை மென்மையாக இருப்பதற்குக் காரணம் கூறுகிறார். மன்னன் கை வில்லும் அங்குசமும் பிடித்து வன்மையுற்றது. தம் கையோ அவன் அளித்த ஊனையும் சோற்றையும் உண்பதன்றி வேறு தொழில் அறியாதது. பிற்காலப் படிநிலையை அளவுகோலாகக் கொண்டால் இப்பாடல் விளக்கவொண்ணாத விதிவிலக்காகத் தோன்றும். பாடலோ தன்னை விதிவிலக்காகக் கருதவே இல்லை.

அகப்பாடல்களிலும் இந்நிலையே. நற்றிணை 41இல் இரவில் வந்த விருந்தினர்க்காகத் தலைவி நெய்யிட்டு ஊன் சமைக்கிறாள். புகைபட்ட நெற்றியில் வியர்வை அரும்புகிறது. குறுந்தொகை 167இல் புதுமணப்பெண் தயிர் பிசைந்து புளிக்குழம்பு சமைக்கிறாள். தாளிப்பின் புகை கண்ணில் படிகிறது. கணவன் சுவைத்துப் பாராட்ட, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. இருமை வகைப்பாடு இவ்விரு பாடல்களையும் இரு வேறு பட்டியல்களில் பிரித்து வைத்துவிடும். அவை ஒன்றையொன்று நோக்கும் வாய்ப்பு அங்கேயே அற்றுப்போகும். இரு பாடல்களும் காண்பது அடுப்படியில் நிற்கும் பெண்ணின் உழைப்பையும் அதில் வெளிப்படும் அன்பையும்தான். கலத்தில் இருந்தது ஊனா தயிரா என்பது அவ்வகையில் இரண்டாம்நிலைச் செய்தி.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். புலவு நாற்றம் சங்கப் பாடல்களிலேயே தாழ்வின் குறியாக வரவில்லையா? நற்றிணை 45 இவ்வினாவிற்கு இடந்தருகிறது. தேரூரும் செல்வர் குடித் தலைவனிடம் தோழி, தாங்கள் மீன் அறுத்து உணக்குபவர்கள், தங்கள்மேல் புலவு நாறும், ஆதலின் விலகி நிற்கவேண்டும் என்கிறாள். நாற்றம் இங்குச் சமூக இடைவெளியைச் சுட்டுவது உண்மையே. ஆயின் அதனை எடுத்துரைப்பவள் பரதவர் குடிப்பெண். உரைக்கும் தொனியில் நாணம் இல்லை. உன் செல்வம் எங்களுக்கு வேண்டா, எங்களுள்ளும் செம்மல்கள் உளர் என்ற நிமிர்வே அப்பாடலின் முடிபு. தொழிலும் செல்வமும் வகுத்த இடைவெளி அது. உண்ணல் பாவம் என்ற கருத்திற்கு அதில் இடமில்லை.

வள்ளுவரின் வாதம்

திருக்குறளில் புலால் மறுத்தல் 26ஆம் அதிகாரம். பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையில் அது துறவறவியலில், அருளுடைமையை அடுத்து நிற்கிறது. இவ்விடம் தற்செயலானதன்று. ஊனுண்ணாமையை வள்ளுவர் உடல்நலத்தின் பெயரால் வலியுறுத்தவில்லை. உணவின் அளவையும் செரிமானத்தையும் பேசும் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தில் புலால் பற்றிய விலக்கு ஏதுமில்லை. குலத்தின் பெயராலும் அவர் வலியுறுத்தவில்லை. அவர் முன்வைப்பது ஒற்றை அடிப்படை: தன் உடலைப் பெருக்கப் பிறிதோர் உடலை உண்பவனிடம் அருள் எவ்வாறு தங்கும் என்பது.

அவ்வதிகாரத்தின் 256ஆம் குறள் கூர்ந்து நோக்கத்தக்கது. உண்பதற்காக உலகம் கொல்லாதாயின், அல்லது விலைக்குக் கொள்ளாதாயின், பொருளுக்காக ஊன் விற்பவர் எவரும் இரார் என்பது அதன் கருத்து. ‘கொல்லாது’, ‘கொள்ளாது’ என இரு பாடங்களும் பதிப்புகளில் உள்ளன. ஒரு மெய்யெழுத்தில் அமைந்த இவ்வேறுபாடு பொருளை நுட்பமாக மாற்றினும், எப்பாடத்தைக் கொண்டாலும் வாதத்தின் திசை ஒன்றே. கொன்றவனோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அது உண்பவன்வரை நீள்கிறது.

அதிகாரம் துறவறவியலில் இருப்பதால் இது துறவியர்க்கு மட்டுமே உரியது என்று கூறுவோர் உளர். இவ்விளக்கம் முற்றும் பொருந்துவதன்று. விற்றலையும் ‘உலகு’ என்னும் பொதுப்பெயரையும் இக்குறள் கொண்டிருத்தலின், அதன் நோக்கு துறவியின் கலத்தையும் கடந்து சந்தைவரை செல்கிறது. அதேபோல், இவ்வதிகாரத்தைச் சான்றாகக் காட்டிப் பழந்தமிழர் ஊனுண்ணாதவர் என நிறுவ முயல்வதும் பொருந்தாது. மறுக்கவேண்டிய அளவிற்கு வழக்கில் இருந்ததையே வள்ளுவர் மறுத்தார். ஊனைப் புண் எனச் சுட்டும் குறளில் அருவருப்பின் சாயல் உண்டு எனலாம். எனினும் அது பிறிதோர் உயிரின் புண் என்பதால், அருவருப்பினும் நோவின் நினைவே அங்கு மேலோங்கி நிற்கிறது.

பௌத்தமும் சமணமும்

கொல்லாமையை ஏற்ற சமயங்களும் உண்ணலைப் பற்றி ஒருமித்த கருத்துக் கொண்டிருக்கவில்லை. மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையில், கலம் உடைந்து நாகர் நிலத்தில் கரையேறிய சாதுவன், அவர்கள் அளித்த கள்ளையும் ஊனையும் மறுக்கிறான். பின்னர் நாகர் தலைவனுக்கு அறம் உரைக்கும்போது, மூப்பால் தாமே இறக்கும் விலங்குகளை விலக்கி, ஏனைய உயிர்களுக்குத் தீங்கு செய்வதைக் கைவிடுமாறு கூறுகிறான். அவர்கள் வாழ்முறைக்கு இயலும் அறம் இது என்பது அவன் கருத்து. குற்றம் கொலையில் உள்ளது. உண்ணல் தன்னளவில் குற்றமன்று என்ற நிலைப்பாடு இங்குத் தெரிகிறது.

நீலகேசி இதனை ஏற்கவில்லை. தேவிக்கு உயிர்ப்பலி இடுவதைத் தடுத்த முனிவரை அச்சுறுத்த வந்த நீலி, அவரிடமே அறம் கேட்டுச் சமணம் தழுவியதிலிருந்து அந்நூல் தொடங்குகிறது. தான் கொல்லாதவன் ஊனுண்ணலாம் என்னும் பௌத்தர் வாதத்தை நீலகேசி மறுக்கிறாள். உண்போர் இருத்தலாலேயே கொல்வோர் உளர் என்பது அவள் எதிர்வாதம். 256ஆம் குறளின் நியாயம் இங்குச் சமயப் போருக்குரிய படைக்கலமாகிறது. நீலகேசி உரைகாரர் சமய திவாகர வாமன முனிவர் திருக்குறளை ‘எம்மோத்து’ எனக் குறிப்பிடுவதும் இத்தொடர்பில் கருதத்தக்கது.

இவ்விரு நூல்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடு, செயலுக்கான பொறுப்பு எங்கு முடிகிறது என்பது பற்றியது. இரண்டையும் ‘சைவ உணவை வலியுறுத்தும் நூல்கள்’ என ஒரே வரியில் கூறிக் கடப்பது அவ்விவாதத்தையே இல்லாமல் ஆக்குவதாகும். பௌத்த, சமண நூல்களின் கொள்கைக்குச் ‘சைவம்’ எனப் பெயரிடுவதில் உள்ள நகைமுரணைத் தனியே விளக்கவேண்டியதில்லை.

சைவத்தின் காப்பியத்தில் ஊன்

உணவிற்குத் தன் பெயரைத் தந்த சமயத்தின் பெருங்காப்பியம் பெரியபுராணம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய அக்காப்பியத்தில், கண்ணப்பர் தாம் சுவைத்துப் பார்த்த ஊனைக் காளத்தியப்பருக்குப் படைக்கிறார். பரதவராகிய அதிபத்தர் நாள்தோறும் தம் வலையில் படும் மீன்களுள் ஒன்றைச் சிவனுக்கெனக் கடலில் விடுகிறார். சிறுத்தொண்டர் அடியார் வேடத்தில் வந்த இறைவனுக்குத் தம் மகனையே கறி சமைத்துப் படைக்கிறார்.

இவற்றுள் கண்ணப்பர் வரலாறு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. திருமேனியருகே கிடந்த ஊனைக் கண்டு பதறித் தூய்மை செய்யும் சிவகோசரியாரைச் சேக்கிழார் எள்ளவில்லை, அவரும் மெய்யன்பரே. ஆயினும் தூய்மையினும் அன்பே மேலானது என்பதை இறைவன் அவருக்குக் கனவிலும், ஆறாம் நாளில் கண்ணெதிரேயும் உணர்த்துகிறான். தூய்மையின் மொழியும் அன்பின் மொழியும் எதிர்ப்பட்டபோது சேக்கிழார் எதனைத் தேர்ந்தார் என்பது இதனால் தெளிவாகும். இதனை ஊனுணவிற்கான பரிந்துரையாகக் கொள்ளுதல் கூடாது. ஆனால் ‘சைவம்’ என்ற சொல்லின் இன்றைய உணவுப்பொருளை இக்காப்பியத்திலிருந்து வருவிக்க இயலாது என்று துணியலாம்.

சொல் பொருள் மாறிய வரலாறு

19ஆம் நூற்றாண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். ஆறுமுக நாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்டார். கண்ணப்பரின் அன்பைப் பல்லாயிரவர் உரைநடையில் படிக்க வழிசெய்தவர் அவர். அவருடைய பாலபாடமே புலாலுண்ணலை விலக்கத்தக்க பாவமாக மாணவர்க்குக் கற்பித்தது. சமயத்தை ஒழுக்கப் பாடமாக வகுக்கும்போது, காப்பியத்தின் மீறல் போற்றுதற்குரியதாகவும் நாவலர் வகுத்த விதி பின்பற்றுதற்குரியதாகவும் பிரிந்தன.

மறைமலையடிகள் வேளாளர் நாகரிகத்தில் (1923) உழவையும் கொல்லாமையையும் இணைத்து, அவற்றை ஒரு குலத்தின் மேன்மைக்குச் சான்றாக்கினார். பார்ப்பனியத்திற்கு எதிரான வாதமாக அது எழுந்தது என்பதை மறுக்கவியலாது. ஆயினும் வள்ளுவரிடத்தில் ஒவ்வொருவரும் தம் அருளை அளந்துகொள்ளும் கோலாக இருந்தது, இங்குக் குலங்களை வரிசைப்படுத்தும் கோலாகிவிட்டது.

மற்றொரு வழியும் இருந்தது. கொலையையும் புலாலையும் தவிர்த்தோரை அகவினத்தார் என்றும் தவிர்க்காதோரைப் புறவினத்தார் என்றும் பகுத்த வள்ளலார், பசி நீக்குவதில் அப்பகுப்பைத் தடையாக்கவில்லை. 1867இல் வடலூரில் அவர் நிறுவிய தருமசாலை அதற்குச் சான்று. அவர் வகுத்த எல்லை பிறப்பால் அமைந்ததன்று, நடத்தையால் கடக்கத்தக்கது. புலால் மறுத்தலைப் படிநிலையிலிருந்து விடுவித்துப் பேசுவது தமிழ் மரபிற்குள்ளேயே இயலும் என்பதற்கு இது முன்மாதிரி.

முடிவுரை

மேற்கண்ட நூல்களில் குறைந்தது நான்கு மொழிகள் ஒலிக்கின்றன: நிலமும் விருந்தும் சார்ந்த மொழி, அருளின் மொழி, பக்தியின் மொழி, தூய்மையும் குலமும் சார்ந்த மொழி. சைவம், அசைவம் என்னும் இருமை நான்காவதன் வார்ப்பில் ஏனைய மூன்றையும் ஊற்றிவிடுகிறது. இதனால் இரு தரப்பிற்கும் இழப்பு. ஊனுண்ட பாணரும் பரதவரும் எயினரும் தம் உணவாலேயே குறையுடையோராகப் பெயர் பெறுகின்றனர். வள்ளுவரின் வாதமோ குல அடையாளமாகச் சுருங்கி, உண்பவனின் மனச்சான்றை நோக்கி அது எழுப்பிய வினாவின் கூர்மையை இழக்கிறது. புலால் மறுத்தலை ஏற்போரும் ஏலாதோரும் அவ்வினாவை நேர்நின்று எதிர்கொள்ள வேண்டுமாயின், முதலில் அதனைத் தூய்மையின் பிடியிலிருந்து விடுவித்தல் வேண்டும்.

நடைமுறையில் செய்யத்தக்கது எளிது. ஊன், மீன், கூலம், பால்படு பொருள், மரக்கறி என நூல்கள் தரும் சொற்களையும் மதிப்பேற்றம் குறைந்த வழக்குச் சொற்களையும் கொண்டு உணவுகளை விவரிக்கலாம். காய்கறியையும் கறிக்கடையையும் ஒரே ‘கறி’ என்னும் சொல்லால் குறிக்கும் மொழிக்கு இது அரிதன்று. சைவம், அசைவம் என்பன எப்போது, யாரால், யாரைக் குறித்து ஆளப்பட்டன என்பதைத் தனி ஆய்வுப்பொருளாகக் கொள்ளலாம். ஆய்விற்குரிய பொருளாக இருக்கவேண்டிய சொற்கள் ஆய்வின் கருவியாக அமர்ந்திருப்பதே இன்றைய சிக்கல். இயல் தலைப்புகளை மாற்றுவதிலிருந்து அதன் தீர்வைத் தொடங்கலாம்.