பலியற்ற தோல்: குப்பிக்குள் ஒளிந்த கன்று

2008ஆம் ஆண்டு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு மேல்சட்டை கொல்லப்பட்டது. கிழிக்கவில்லை, எரிக்கவில்லை, கொன்றார்கள். 'சட்டையைக் கொன்னுட்டாங்களாம்' என்று பத்திரிகைகள் பாதி வேடிக்கையாகவும் பாதிப் பதற்றமாகவும் எழுதின. அந்த வேடிக்கையும் பதற்றமும் சேர்ந்து எதை மறைத்தன என்பதுதான் என் கேள்வி.

சட்டையைச் செய்தவர்கள் ஓரன் காட்ஸ், அயனாட் ஸுர் இருவரும். 1996இல் 'திசு வளர்ப்பும் கலையும்' என்ற பெயரில் தொடங்கி, மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்குள் புகுந்து கலை செய்தவர்கள். மட்கக்கூடிய பாலிமரில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஒரு சட்டை வடிவம். அதன்மேல் எலியின் உயிரணுக்கள். கண்ணாடிக் குப்பி, உடற்சூடு, சொட்டுச்சொட்டாய் ஊட்டத் திரவம். தையலே இல்லாமல் சட்டை வளரும். 2004இல் உருவான இந்தப் படைப்புக்கு 'பலியற்ற தோல்' என்று பெயரிட்டார்கள். நியூயார்க்கில் செல்கள் நினைத்ததைவிட வேகமாகப் பெருகிக் குழாயை அடைத்துக்கொண்டன. காட்சிப் பொறுப்பாளர் பவோலா அன்டோனெல்லி ஊட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

தமிழில் உடம்பில் இருப்பதும் தோல்தான், செருப்பாவதும் தோல்தான். நடுவில் நடக்கும் கொலையை அந்தச் சொல் சொல்வதில்லை. காட்ஸும் ஸுரும் அந்த நடு இடத்தில்தான் கை வைத்தார்கள். கொலையே இல்லாமல் தோல் கிடைத்தால் உங்கள் மனசாட்சி என்ன செய்யும்? பார்வையாளருக்கு ஒரு நிம்மதியைக் கொடுத்துவிட்டு, அதைப் பிடுங்கிக்கொள்வது அவர்கள் உத்தி.

எப்படிப் பிடுங்குகிறார்கள்? திசு வளர்ப்பில் வழக்கமாகச் சேர்க்கப்படுவது கருக்கன்றின் ரத்தத்திலிருந்து பிரிக்கப்படும் சீரம். இறைச்சிக்கூடத்தில் வெட்டப்பட்ட சினைப்பசுவின் வயிற்றிலிருந்து கன்றை எடுத்து, அதன் இதயத்தில் ஊசி குத்தி எடுக்கும் ரத்தம் அது. ஆக, பலியற்ற தோல் பலியைக் குடித்துத்தான் வளர்கிறது. கலைஞர்கள் இதை ஒளிக்கவில்லை; தாங்களே எழுதியிருக்கிறார்கள். தலைப்பு ஒரு நக்கல். ஆனால் செய்தியானது எது? சட்டையின் சாவு. சட்டைக்காக வருந்திய பிரதிகளில் கன்று ஒரு வரியாகக்கூட இல்லை.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தங்கள் காட்சிகளின் முடிவில் காட்ஸும் ஸுரும் ஒரு சடங்கு நடத்துவதுண்டு. குப்பியைத் திறந்து, பார்வையாளர்களை வெறுங்கையால் அந்தத் திசுவைத் தொடச் சொல்வார்கள். நம் கையிலும் காற்றிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதைக் கொன்றுவிடும். தொட்டவர் விரலில் கொலை ஒட்டிக்கொள்கிறது. நியூயார்க்கில் நடந்தது வேறு. அங்கே யாரும் தொடவில்லை, குழாய் மூடப்பட்டது. வாழவைப்பதும் சாகவிடுவதுமாக நவீன அதிகாரம் இயங்குகிறது என்று ஃபூக்கோ சொன்னது இரண்டு அங்குல அளவில் அங்கே நடந்து முடிந்தது. ரத்தமில்லை, கத்தியில்லை, ஒரு முடிவு மட்டும்.

அந்தச் சட்டைக்கு உண்மையில் உயிர் இருந்ததா? கலைஞர்கள் 'அரை உயிரி' என்கிறார்கள். வேற்றுக்கிரக உயிர்களைத் தேடும் விண்ணுயிரியலுக்கும் இதே சிக்கல் உண்டு. 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் செய்த சோதனைகளில் ஒன்று, மண்ணுக்கு ஊட்டுவது. கதிரியக்கக் கார்பன் கலந்த ஊட்டத்தைச் சொட்டிவிட்டு, எதாவது தின்று வாயு விடுகிறதா என்று காத்திருந்தார்கள். வாயு வந்தது. ஆனால் மண்ணில் கரிமப் பொருள் இருப்பதாக இன்னொரு கருவி காட்டவில்லை. ஆகவே அது வெறும் வேதிவினை என்று பெரும்பாலோர் முடிவுகட்டினார்கள். சோதனையை வகுத்த கில்பர்ட் லெவின் 2021இல் இறக்கும்வரை அதை ஏற்கவில்லை. 1994இல் நாசா ஒரு வரையறையைக் கைக்கொண்டது: தன்னைத் தானே தாங்கிக்கொண்டு, டார்வினியப் பரிணாமத்துக்கு உட்படக்கூடிய வேதி அமைப்பே உயிர்.

செவ்வாயில் தேட இது உதவலாம். ஆனால் இதையே பூமியில் மதிப்பின் அளவுகோலாக்கினால் என்ன ஆகும்? தன்னைத் தானே தாங்காத சட்டை தோற்றுவிடும். சரி, கைக்குழந்தை? தீவிரச் சிகிச்சைப் பிரிவில் குழாயோடு கிடப்பவர்? 'தானே' என்ற அந்தச் சின்னச் சொல்லில்தான் அரசியல் இருக்கிறது. உயிர் என்பதை ஒரு பொருளின் உள்ளே தேடுவதை நிறுத்திவிட்டு, யாரு ஊட்டுறாங்க, எதை ஊட்டுறாங்க, நிறுத்துற உரிமை யாருக்கு என்று கேட்க வேண்டும். 'பலியற்ற தோல்' எனக்கு முக்கியமாவது இந்த மூன்று கேள்விகளையும் ஒரே குப்பிக்குள் அடைத்ததால்.

இப்படிக் கேட்பதற்கு விலை உண்டு. 2004 மே மாதம், அதே நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் கலைஞர் ஸ்டீவ் கர்ட்ஸின் மனைவி தூக்கத்திலேயே இறந்தார், இதயக் கோளாறு. உதவிக்கு அழைத்த வீட்டில் போலீஸ் கண்டது ஆய்வுக் கருவிகளையும் நுண்ணுயிர்த் தட்டுகளையும். மரபணு மாற்ற உணவை விமர்சித்துப் படைப்புகள் செய்த குழு அவருடையது. உயிரி பயங்கரவாதம் என்று எஃப்.பி.ஐ. வந்து இறங்கியது. அது நிற்காதபோது, பாக்டீரியாவைத் தபாலில் வாங்கியதில் மோசடி என்று வழக்கு. 2008 ஏப்ரலில்தான் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். சட்டை குப்பிக்குள் வளர்ந்துகொண்டிருந்த அதே பருவம். அருங்காட்சியகத்துக்குள் இருந்தால் கலை, வீட்டுக்குள் இருந்தால் குற்றம்.

காட்ஸ், ஸுர் மீதும் எனக்கு ஒரு விமர்சனம் உண்டு. நக்கல் புரிந்தவருக்கு மட்டுமே நக்கல். 2003இல் பிரான்சின் நாந்த் நகரில் தவளைச் செல்களில் வளர்த்த இறைச்சியைச் சமைத்து, விருந்தாளிகள் சாப்பிட்டுப் பார்த்தார்கள். பலருக்குத் துப்பத்தான் முடிந்தது. பத்து ஆண்டு கழித்து 2013இல் லண்டனில் ஆய்வுக்கூட மாட்டிறைச்சி பர்கர் உலகத்துக்குக் காட்டப்பட்டது. அதை வளர்த்ததும் கருக்கன்றின் சீரம்தான். இப்போது சீரம் இல்லாமலே வளர்க்கிறோம் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. நல்லது, ஆனால் 'கொலையில்லா இறைச்சி' என்ற வாக்குறுதி சீரத்தைக் கைவிடுவதற்கு முன்பே கிளம்பிவிட்டது. கலைஞர்களின் நக்கல், வியாபாரிகளின் வாக்குறுதியாகிவிட்டது. இதைத் தடுக்கும் வலு அந்தப் படைப்புக்கு இல்லை. கன்று குறிப்பேட்டில் இருந்தது, குப்பியில் தெரியவில்லை.

அதைத் தெரியவைக்கும் வேலை இனி விமர்சனத்தினுடையது. பலியே இல்லை என்று யார் எதை நீட்டினாலும், தலைப்பைப் பிறகு படிப்போம். முதலில் ஊட்டத் திரவத்தின் லேபிளைக் கேட்டு வாங்கிப் படிப்போம்.