இழை தெரியா ஆடையும் கை தெரியும் ஆடையும்

கைத்தறித் துணி இன்று செல்வர் விரும்பி அணியும் ஆடம்பர ஆடையாக உயர்ந்துள்ளது. அதனைப் புகழும் உரைநடை ஒன்றும் உடன் வளர்ந்துள்ளது. ஆடைக்காட்சிக் குறிப்புகளிலும் விற்பனைச் சிற்றேடுகளிலும் பயிலும் அவ்வுரைநடையை இலக்கிய மாணவர் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் ஆடையைப் புகழ்தல் தமிழில் மிகப் பழைய வழக்கு. பழைய புகழும் புதிய புகழும் ஒன்றோடொன்று முரணுகின்றன. அம்முரணே ஈண்டு எம் ஆராய்ச்சிப் பொருள்.

பழம்புகழை முதற்கண் நோக்குவோம். பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளிக்கும் ஆடை, பார்ப்பவர் கண் இழையைப் பற்றித் தொடர இயலாத நுண்மை உடையது. பாம்பின் உரியை ஒப்பது. மலைபடுகடாமும் நன்னன் தரும் கலிங்கத்தை, இழை ஓடிய வழி அறிய வாராதது என்றே பாராட்டுகின்றது. நெய்த கை புலப்படாது மறைவதையே நெசவின் நிறைவாக இவ்விரு பாட்டும் கொண்டன என்க.

இன்றைய புகழ் இதற்கு நேர்மாறானது. இழையில் ஆங்காங்குள்ள தடிப்பும், நெருக்கம் குன்றிய இடமும், நிறத்தின் ஏற்றத்தாழ்வும் கையால் ஆனமைக்குச் சான்றுகள் எனப் போற்றப்படுகின்றன. பொறி பிழையின்றி நெய்யும் காலத்தில் பிழை கையின் முத்திரை ஆயிற்று. இதில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் இழைத்தடிப்பு பெரும்பாலும் நூற்கும் முறையாலோ பட்டின் இயல்பாலோ வருவது, நெய்வோரால் வருவதன்று. கைத்தறியில் ஏறும் பருத்தி நூலிற் பெரும்பகுதி ஆலையில் நூற்கப்பட்டுச் சிட்டமாக வருவதே. கதரையும் கைத்தறியையும் ஒன்றெனக் கொள்ளும் இம்மயக்கம் கற்றோரிடையும் உண்டு.

பிழையே விலைபோன நிகழ்ச்சி முன்னும் உண்டு. நம் தலைநகரின் பழம்பெயரால் வழங்கும் மெட்ராஸ் கட்டத்துணி 1960களில் அமெரிக்க இளைஞரிடையே பெருவழக்காயிற்று. துவைக்கத் துவைக்க அதன் சாயம் கசிந்து கட்டங்கள் தம்முள் கலக்கும். வணிகர் அதனை மறைக்கவில்லை. சாயம் கசிவது உறுதி என்றே விளம்பரம் செய்தனர். துணியும் விற்றது. நெய்த ஊரிலோ சாயம் போகும் துணி சாயம் போகும் துணியே.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையைக் கண்டோர் எம் கருத்தை எளிதில் உணர்வர். அதன் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தன. மூன்று நாடாக்கள் ஓடும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றையொன்று பற்றித் திரும்புதல் வேண்டும். மறுபக்கத்துக் கரைக்கு நாடா எறிய உடன் ஒருவர் அமர்தல் வேண்டும். கூலியும் காலமும் இதனாற் பெருகுதலின், ஒற்றை நாடாவால் நெய்யும் சேலை பல தறிகளில் கோர்வையின் இடத்தைப் பற்றிக்கொண்டது. கோர்வையின் இணைப்பு தாழை மடலின் முட்பற்கள் போல ஒழுங்குற அமைவதைத் தாழம்பூ ரேக்கு என்பர். ஒரு பல் பிறழினும் அறிந்தோர் கண்ணுக்குத் தப்பாது. அத்தகைய பிழைக்கு நெய்தவர் கூலியிற் பிடித்தம் நேர்வதும் உண்டு. அதுவே கையின் அழகு என்று அவரிடம் எவரேனும் சொல்லிப் பார்க்கலாம்.

யாம் கண்ட சிற்றேடுகளில் 'தொன்மை', 'ஆன்மா', 'மரபு' என்பன பக்கந்தோறும் வருகின்றன. கோர்வை, பேட்னி என்னும் தொழிற்சொற்கள் மிக அரியன. பொருளை அறிந்து புகழ்வோன் அதன் பெயர்களையும் அறிந்திருப்பான். சங்கப் புலவரின் பாம்புரி உவமை துணியைக் கையில் எடுத்துப் பார்த்தோர் கூற்று. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் போலத் துணி விற்றோரே பாடிய காலம் அது.

இனி, எம் கூற்றுக்கு ஒரு தடை எழும்; அதனை யாம் மறைத்தல் தகாது. பழம்பாட்டிலும் ஆடை கொடுத்தோன் பெயர் உண்டு. நெய்தோர் பெயர் இல்லை. இழை மறைந்ததோடு நெய்தவரும் மறைந்தார். இன்று வடிவமைப்பாளர் பெயர் ஆடையின் உட்புறத்தே தைக்கப்பட்டிருப்பதற்கும் இதற்கும் வேறுபாடு பெரிதன்று. கையைப் புகழும் புதிய உரைநடையும் கைக்குரியவரைக் கூறாமையில் பழம்பாட்டையே ஒத்துள்ளது.

இருப்பினும் புறநானூற்றின் 326 ஆம் பாட்டில், இரவில் எழுந்து பஞ்சின் தூசும் செத்தையும் புடைக்கும் பருத்திப் பெண்டு ஒருத்தி தன் சிறுவிளக்கொளியில் தோன்றுகின்றாள். அவளுக்கும் பெயர் இல்லை. ஆயினும் அவள் செய்யும் வேலையும், அதனை அவள் செய்யும் பொழுதும் நமக்குத் தெரிகின்றன. 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பு இந்நாட்டின் கைத்தறித் தொழிலாளர் 35 இலட்சத்துக்கு மேற்பட்டோர் எனவும், அவருள் நூற்றுக்கு எழுபதின்மருக்கு மேல் பெண்டிர் எனவும் காட்டுகின்றது. யாம் கண்ட சிற்றேடுகளிலோ நெய்பவர் எங்கும் 'நெசவாளன்' என்றே குறிக்கப்படுகின்றார்.